நான்கு கதவுக்கு ரப்பர்

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இன்னும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். நான் காரில் உட்கார்ந்து இறந்துபோன கணவரோடு பேசுகிறேன் என்று பக்கத்து வீட்டு வசந்தா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். இன்று பால் பூத்தில் என் காதிலேயே விழுந்தது. "பாவம் பத்மாக்கா. சாயங்காலமானா அவர்கூட ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றாங்க." கூட நின்றவர்கள் சிரிப்பு.

தவறு. உயிரோடு இருந்தபோதே காரில் அவரைப் பேச விட்டதில்லை. எனக்கு ரோட்டில் கவனம் சிதறும். நான் வாய்விட்டுச் சொன்னது அளவுகள். டேப்பைப் பிடித்துக் கதவின் உள்விளிம்பை அளக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாவிட்டால் குறிப்பதற்குள் மறந்துபோகிறது. எழுபத்தாறு வயதில் அது பைத்தியம் அல்ல, முன்னெச்சரிக்கை.

ஐம்பது வருட வண்டியின் நிலை:
எஞ்சின் ஓடுகிறது. பிரேக் சரி.
டிங்கரிங், பெயின்ட் முடிந்து நீலசந்திராவிலிருந்து வந்தாயிற்று. டிங்கர் நியாஸின் வேலை சுத்தம். பழைய பச்சையே.
முன், பின் கண்ணாடிகள் விருந்தினர் அறைக் கட்டிலில், போர்வைக்குள்.
ரப்பர் ஒன்றுகூட இல்லை. கதவு நான்கு, கண்ணாடி இரண்டு, டிக்கி.

ரப்பர் இல்லாத கார் மூடியில்லாத டப்பா. மழைத் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கி, சத்தமில்லாமல் தகட்டைத் தின்னும். போன முறை தின்ற தரைக்குத்தான் நியாஸ் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்.

ஜே.சி. ரோடு முழுக்கத் தேடியாகிவிட்டது. எல்லாக் கடையிலும் புது வண்டி பீடிங் ரப்பரைச் சுருளோடு எடுத்து நீட்டுகிறார்கள். "இதே ஒட்டிடுங்க மேடம், எல்லா காருக்கும் இதான் ஹாக்தாரே, இதான் போடறாங்க." எல்லா வாய்க்கும் ஒரே பல் செட்டு என்பதுபோல். என் வண்டிக்கு வேண்டியது ஒரு பக்கம் தட்டையான நாக்கு, மறுபக்கம் உள்ளே வெற்றிடமான குழல். கடைசிக் கடைப் பெரியவர் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "எல்லி சிக்குத்தம்மா ஈகா?" இப்போது எங்கே கிடைக்கும் என்று. கிடைக்காததைச் செய்விக்க வேண்டும்.

ஹெப்பகோடியில் குமரேசன் என்பவரின் ரப்பர் பட்டறை. கிரைண்டர் காலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் ரப்பர் போடுகிறவர். சாம்பிள் கொடுத்து மூன்று வாரம். டிரைவர் கதவிலிருந்து எடுத்த துண்டு, இருந்ததிலேயே நேர்த்தியானது. கழுவித் துடைத்து, நுனியைப் பிளேடால் நேராக வெட்டி, அட்டையில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கூடவே குறிப்பு: சாம்பிளில் உள்ளபடியே, எந்த மாற்றமும் கூடாது. நாளை மறுநாள் வருகிறது.

அவசரத்துக்குக் காரணம் ரகு. ஆர்.சி. இன்னும் அவன் அப்பா பெயரில். என் பெயருக்கு மாற்ற, இன்னொரு வாரிசான அவன் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரே மகன், ஒரே கையெழுத்து. கேட்கும்போதெல்லாம் "போடறேன்மா."

போன ஞாயிறு சாப்பாட்டு மேஜையில்:

"என் ஃப்ரெண்ட் கோரமங்கலாவுல பப் ஆரம்பிக்கிறான்மா. வண்டிய முன்பாதி மட்டும் அறுத்து செவுத்துல மாட்டுவான். ஹெட்லைட் எரியும். எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க."

ரசப் பாத்திரத்தை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தினேன்.

"அறுக்கறதா?"

"பின்ன? மழை வந்தா உள்ள தண்ணி. அது கார் இல்லமா, தொட்டி."

"தண்ணி வரலன்னா?"

சிரித்தான். "நானே ஹோஸ் புடிச்சு அடிக்கிறேன். நீ உள்ள உக்காரு. ஒரு சொட்டு வரலன்னா அங்கயே கையெழுத்து. வந்துச்சுன்னா பப்."

"சரி."

அந்த "சரி" என் வாயிலிருந்து வந்தது. நாள் 21, ஞாயிறு.

செப்டம்பர் 6, சனி

வெயில். ரப்பர் வந்தது. கறுப்பு, மழமழப்பு, நல்ல வாசனை. நான் குறித்துவைத்த சாம்பிள் அளவிலிருந்து மயிரிழை பிசகவில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தேன்.

நியாஸ் டிரைவர் கதவில் ஆரம்பித்தார். மேல் மூலையில் வைத்து இரண்டு பக்கமும் இறங்கி, இணைப்பைக் கீழே விட்டார். மூலையில் இழுக்கக் கூடாது, தளர்வாகக் கொடுத்துத் திருப்ப வேண்டும் என்று சொன்னேன். "தெரியும்மா, டென்ஷன் நக்கோ." டென்ஷன் எனக்கில்லை.

மதியத்துக்குள் நான்கு கதவும். நியாஸ் சுண்டுவிரலால் தள்ளினார். க்ளிக். பூப்போல மூடியது. "பாத்தீங்களா? ஏக் நம்பர்! ஃபாரின் வண்டி இப்டி மூடாது." அவரே மூன்று முறை மூடித் திறந்து ரசித்தார். மதில் மேல் வசந்தாவின் தலை. அவளுக்காக நானும் ஒருமுறை மூடிக் காட்டினேன்.

அவர் போன பிறகு மனம் ஒப்பவில்லை. இத்தனை லேசாகவா? ஃபிரிட்ஜ் மெக்கானிக் செய்வது நினைவு வந்தது. கடிதத் தாளை நீளமாகக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடினேன். இழுத்தேன்.

தாள் வந்துவிட்டது. தடையே இல்லாமல்.

நான்கு கதவிலும் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தேன். கீல் பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. மற்ற இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு வருகிறது. ரப்பர் கதவைத் தொடுகிறது, அழுத்தவில்லை.

இரவுச் சாப்பாடு: ரொட்டி, அதுவும் பாதி.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரகு வந்தான். தனியாக இல்லை. பப் நண்பன் கூடவே. காதில் கடுக்கன், கையில் அளக்கும் டேப். "ஹாய் ஆன்ட்டி!" என் வீட்டில், என்னைக் கேட்காமல், என் காரின் பானெட்டிலிருந்து டேப் வைத்தான். டேப்பின் முனை புதுப் பெயின்ட்டில் உராய்ந்தது.

"எடுங்க அதை."

"ஜஸ்ட் மெஷர் பண்றேன் ஆன்ட்டி. இங்க, கதவுக்கு முன்னாடி கட் பண்ணா போதும்."

"எடுங்கன்னேன்."

எடுத்தான். ரகு தரையைப் பார்த்தான். நண்பன் கேட்டுக்கு வெளியே போனதும்: "எதுக்குமா இப்டி? சும்மா ஒரு ஐடியாக்குத்தான வந்தான்."

"இருபத்தொண்ணாம் தேதிக்கு அப்புறம் வரட்டும். அதுவும் நான் தோத்தா."

"தோக்கறது ஜெயிக்கறது என்னமா இதுல?"

கேசரி செய்திருந்தேன். டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். சண்டை வேறு, கேசரி வேறு.

செப்டம்பர் 8, திங்கள்

மாலை நாலு மணிக்குப் பேய் மழை. கண்ணாடி இல்லாத முன், பின் திறப்புகளில் தார்ப்பாய் கட்டியிருந்தேன். போர்ட்டிகோவுக்குள் சாரல் சாய்த்து அடித்தது. நின்றதும் டார்ச்சோடு போனேன். நான்கு கதவுக்கு அடியிலும் ஈரம். இடது பின்பக்கம் குட்டை. பழைய துண்டால் ஒற்றி எடுத்தேன், முழங்கால் போட்டு. எழுந்திருக்கக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கதவு ஆடவில்லை, அது மட்டும் திருப்தி.

குமரேசனுக்கு போன். கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

"அம்மா, நீங்க குடுத்த சாம்பிள் என் டேபிள் மேலயே கீதும்மா. அட்டையோட. கூட நீங்க எழுதின சீட்டு. 'எந்த மாற்றமும் கூடாது'ன்னு போட்டு கீழ கோடு வேற போட்டுகிறீங்க. நான் எதனா மாத்தியிருந்தா கேளுங்க."

மாற்றவில்லை. அதுதான் பிழை. போனை வைத்த பிறகு புரிந்தது. வண்டியிலேயே அதிகம் மூடித் திறந்தது டிரைவர் கதவு. அந்தக் கதவு அரை நூற்றாண்டு அழுத்திச் சப்பையாக்கிய ரப்பரைத்தான் நேர்த்தி என்று தேர்ந்தெடுத்திருக்கிறேன். சாம்பிள் பழசு, அதன் களைப்பையும் அப்படியே அச்செடுக்கச் சொல்லியிருக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எழுதுகிறேன், போதும்.

வேண்டியது: எந்தக் கதவும் அழுத்தாத ஒரு துண்டு. அப்படி ஒன்று உண்டா?

உண்டு. கீழ்க்கோடியில் ரப்பரின் நுனியைக் கதவுத் தூணுக்குள் ஒரு விரல் நீளம் செருகியிருந்தார்கள். அங்கே கதவு படாது. கழற்றும்போது பார்த்தேன். மற்ற பழைய ரப்பர்கள்? நியாஸ் ஷெட்டில் ஒரு கோணிப்பை. குஜிரிக்கு, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பாரோ? போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நேற்றும் நியாஸ் போன் எடுக்கவில்லை. இன்று ஆட்டோவில் நீலசந்திரா. சந்துக்குள் ஆட்டோ வராது என்றான், நடந்தேன். சேறு. நல்ல செருப்பு போயிற்று.

"கோணிப்பையா? அது அப்பவே குஜிரிக்காரன் தூக்கினு போய்ட்டான்மா." நியாஸ் சாதாரணமாகச் சொன்னார்.

ஸ்டூல் போட்டார். டீ சொன்னார். "ரப்பர்லாம் குஜிரிக்காரன் எடுக்க மாட்டான்மா, இரும்பு மட்டும்தான்" என்றார் அடுத்த மூச்சில், அது ஒரு சின்ன விவரம் போல.

"அப்ப ரப்பர் எங்க?"

மேலே காட்டினார். ஷெட்டின் தகரக் கூரையும் சுவரும் சேரும் இடம் முழுக்க என் ரப்பர்கள், வரிசையாகத் திணித்து.

"சூப்பரா நிக்குதுமா. இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ள வரல."

என் காரில் குட்டை. அவர் ஷெட் காய்ந்து கிடக்கிறது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"எடுங்க."

"இப்பவா? மழை வர்ற மாதிரி இருக்குமா."

"நியாஸ், ப்ளீஸ்."

ஏணி போட்டு ஒவ்வொன்றாக உருவிப் போட்டார், முணுமுணுத்துக்கொண்டே. நான் தரையில் வரிசையாக வைத்து நுனிகளைப் பார்த்தேன். முதலாவது அறுந்திருந்தது. இரண்டாவது நுனியில் பெயின்ட் இறுகிக் கல். மூன்றாவது பொடிந்தது. நாலாவது இடது பின்கதவினுடையது. தூசியைத் துடைத்தேன். ஒரு விரல் நீளத்துக்குக் குழல் உருண்டையாக, சுண்டுவிரல் கனத்தில். அழுத்தினால் மெதுவாக எழுந்தது. அதற்கடுத்த இடத்திலிருந்து ஷூ லேஸ் மாதிரி சப்பை. ஒரே ரப்பர்தான்.

சப்பை ரப்பரைவிட உருண்டையின் உயரம் ஏறக்குறைய இரு மடங்கு.

மீதியை நியாஸுக்கே விட்டேன். நான் சந்து முனையைத் தாண்டுவதற்குள் மழை. பின்னால் அவர் குரல், ஏணி கொண்டுவரச் சொல்லி: "அரே, ஜல்தி ஏணி லா!"

செப்டம்பர் 12, வெள்ளி

ஹெப்பகோடி. பட்டறைக்குள் சூடு, கந்தக நெடி, பேசினால் கேட்காத சத்தம். குமரேசன் கிருஷ்ணகிரிப் பக்கம். மரியாதையான ஆள், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"புது டை, அச்சு, கடையணும்மா. ஆயுத பூஜை வருது, எல்லா பட்டறையும் ஃபுல். லேத்காரன் பூஜைக்கு அப்புறம்னுட்டான்."

"எனக்குப் பத்தொன்பதாம் தேதிக்குள்ள வேணும்."

"ஆவாதும்மா."

துண்டை மேஜையில் வைத்தேன். முதல் சாம்பிளைப் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறி அழுத்தினார். நான் சொன்னேன்: "தப்பு என்னுது. நீங்க நான் சொன்னபடிதான் செஞ்சீங்க."

இதைச் சொல்ல ஹெப்பகோடி வரை வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் போனில் வாய் வரவில்லை.

உருண்டைத் துண்டை இருக்கிற டையின் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு: "புதுசு கடைய வேணாம். இருக்கற டையோட வாயையே தொறந்து பெருசாக்கலாம். கையால ராவணும். ஆனா ஒருவாட்டி ராவிட்டா திரும்பி வராது. பெருசா பூட்சின்னா அவ்ளோதான்."

"ராவுங்க."

"இந்தவாட்டி சீட்டு எழுதித் தர மாட்டீங்களா?"

"மாட்டேன்."

சிரித்தார். முதல் முறை.

திரும்பும்போது ஓசூர் ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம் டிராஃபிக். ஆட்டோக்காரர் கேட்டார், மகன் கார் இல்லையா என்று. என் கார் இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

வந்துவிட்டது. அழுத்தினேன், எழுந்தது.

நியாஸ் ஒட்டி முடித்துக் கதவைத் தள்ளினார். மூடவில்லை. தோளால் தள்ளினார். பாதிப் பூட்டு. "இது பந்தே ஆகாதும்மா, மூடவே மூடாது. பழசே சூப்பரா இருந்துச்சு."

"புது ரப்பர் அப்படித்தான் இருக்கணும். மூடி வச்சா படியும்."

"நாலு நாள்லயா?"

தெரியாது. அதைச் சொல்லவில்லை. இடுப்பால் இடித்து ஒவ்வொன்றாக மூடினோம். டமால், டமால். வசந்தா எட்டிப் பார்த்து, "என்னக்கா, சண்டையா?" என்றாள். "ஆமா," என்றேன், "அவர் இறங்க மாட்டேங்கிறார்." முகம் செத்துவிட்டது அவளுக்கு. நாளைக்குத் தெரு முழுக்க இதுதான். இருக்கட்டும்.

முன் கண்ணாடி. கண்ணாடிகளுக்கும் டிக்கிக்கும் மட்டும் ஜே.சி. ரோட்டில் ஒத்த அளவு ரப்பர் பிறகு கிடைத்திருந்தது. ரப்பரின் பள்ளத்தில் சுற்றிலும் நூல் கயிறு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து நான் உள்ளங்கையால் அழுத்த, நியாஸ் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ, ரப்பரின் உதடு தகட்டைக் கவ்வியது. மூலையில் ஒருமுறை கண்ணாடி முனகியது. நியாஸ் கயிற்றை நிறுத்தினார். இந்தக் கண்ணாடி உடைந்தால் வேறு இல்லை.

உடையவில்லை. பின் கண்ணாடி, டிக்கி, சுலபம்.

தாள் சோதனை: நான்கு கதவிலும் பிடிக்கிறது. இடது பின்கதவு கீழ் மூலை: பிடிக்கிறது, கொஞ்சம் தளர்வு.

செப்டம்பர் 19, வெள்ளி

தூறல். இடது பின்கதவைத் தவிர மற்றதைத் திறக்கவில்லை. திறக்க ஆசையாக இருந்தது.

இடது பின்கதவு மூலையில் தாள் இன்னும் தளர்வு. அங்கே ரப்பருக்கு அடியில் மெல்லிய பட்டை ஒன்று வைத்து ஒட்டினேன். நானே. கையெல்லாம் சொல்யூஷன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வாங்க: பால், பல்பு, ரகுவுக்கு மாங்காய் ஊறுகாய் (போன முறை போட்டது தீர்ந்தது).

கையெழுத்துப் படிவம் சாப்பாட்டு மேஜையில், பேனாவோடு.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெளுத்த வெயில். ரகு பதினொரு மணிக்கு. நண்பன் வரவில்லை, நல்லவேளை.

தரை முழுக்கக் காய்ந்த செய்தித்தாள் விரித்தேன், சொட்டு விழுந்தால் கறுப்பாகத் தெரியும். டார்ச் எடுத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் கதவை மூடினான். இடிக்க வேண்டியிருக்கவில்லை. தள்ளினான், மூடிற்று.

தண்ணீர். முதலில் கூரை, பிறகு முன் கண்ணாடி. உள்ளே கண்ணாடி முழுக்க நீர்த்திரை. ரகு ஒரு கலங்கிய உருவம், நீலச் சட்டை. பயப்படுகிற இடங்களை டார்ச்சால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணாடி மூலைகள். கதவு மேல்விளிம்பு. காய்ந்திருந்தது.

பிறகு அவன் யோசிக்காமல் நேராக இடது பின்கதவுக்கு வந்தான். குனிந்து, கீழ் மூலையில் ஹோஸ் முனையை விரலால் இறுக்கி, பீய்ச்சி அடித்தான். வேறு யாருக்கும் அந்த மூலை தெரியாது. ஸ்கூலுக்குப் போகும்போது அங்கேதான் உட்காருவான். மழை நாளில் மடியில் டவல். யூனிஃபார்ம் டிரவுசர் எப்போதும் ஒரு பக்கம் நனைந்து, அதற்கு ஸ்கூலில் திட்டு வாங்கியிருக்கிறான். நான் மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை.

நீண்ட நேரம் அடித்தான். எனக்குக் கால் மரத்தது. செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன.

சத்தம் நின்றது. கதவைத் திறந்தான். முட்டி வரை அவன்தான் நனைந்திருந்தான். தாளைத் தொட்டான். தாளைத் தூக்கிக் கம்பளத்தைத் தொட்டான். பிறகு சீட்டில் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருந்தான்.

"வரலமா."

"வரல."

சாப்பாட்டு மேஜை. பேனாவைத் திறந்தான். படிவத்தை முழுக்கப் படித்தான், இரண்டு முறை. ஒரு பக்கம்தான்.

"நீ ஓட்டுவியா இத?"

"கார் வேற எதுக்கு?"

"இந்த டிராஃபிக்லயா?"

"லைசென்ஸ் இருக்கு. கண்ணு ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்திருக்கார்."

"அதெல்லாம் இருக்குமா. அது இல்ல. எனக்குத்தான்..." முடிக்கவில்லை.

"பேசினது தண்ணி. தண்ணி வரல."

"யோசிச்சு சொல்றேன்மா." பேனாவை மூடிவிட்டான். ஊறுகாயை எடுத்துக்கொண்டான். கேட்டருகே திரும்பி, "ரப்பர் எங்கதான் கெடச்சுது உனக்கு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டான்.

அப்போது விளங்கியது. கிடைக்காது என்று நம்பித்தான் ரப்பரைக் கேட்டிருக்கிறான். "இல்லை" என்று அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல், அதை மழையைச் சொல்லவைக்கப் பார்த்தான்.

அவன் போன பிறகு டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கதவை மூடினால் தெருவே கேட்கவில்லை. வசந்தா இதையும் சொல்லட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

மேகம். காலையில் ரகுவுக்குக் கடிதம். கூரியரில் போயிற்று. நகல்:

அன்புள்ள ரகு,

நேற்று நீ வைத்த சோதனை நீ வைத்தபடியே நடந்தது. உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை என்பதை நீயே கையால் தொட்டுப் பார்த்தாய். அந்த விஷயம் முடிந்தது. பப்பைப் பற்றி இனி என்னிடம் பேசாதே.

நீ சொல்லாமல் பாதியில் விட்ட விஷயம் வேறு. நான் ஓட்டினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உனக்குப் பயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு, கதவுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் நினைத்தேன். ஆனால் பயத்தை ரப்பர் என்றும் தண்ணீர் என்றும் பெயர் மாற்றி என் முன் வைக்காதே. அதற்குப் பின்னால் ஓடி நான் நல்ல செருப்பு ஒன்றை இழந்துவிட்டேன்.

பக்கத்தில் நீ உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வா. அதிகாலையில், ரோடு காலியாக இருக்கும்போது, நீ சொல்லும் தூரம். பார்த்துவிட்டு முடியாது என்றால் முடியாது என்று சொல். கேட்டுக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பதில் சொல்வேன் என்று கொடுக்கிறேன்.

படிவம் மேஜையிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடுவாயா, மாட்டாயா. மாட்டாய் என்றால் உண்மையான காரணம் என்ன. போனில் வேண்டாம், நேரில் வேண்டாம், இரண்டிலும் நீ பாதியில் நிறுத்திவிடுகிறாய். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா